க்ரோமில் நீக்கவே முடியாத எக்ஸ்டென்ஷன், யாஹூவுக்குத் தாவும் தேடல்: பார்மட் போடாமல் சரிசெய்ய வழி உண்டா?

நெல்லைக்காற்று

வணக்கம் நண்பர்களே. வீட்டு கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 ஹோம், பிரௌசர் க்ரோம். பிடிஎஃப்-ஐ வேர்டாக மாற்றுவதற்கு ஒரு டவுன்லோட் தளத்திலிருந்து இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டதிலிருந்து இந்தத் தொல்லை.

முகவரிப் பட்டையில் எதைத் தேடினாலும் ஏதோ ஒரு முகவரி மின்னி மறைந்து, கடைசியில் யாஹூ தேடலில் போய் நிற்கிறது. எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் நான் போடாத ஒன்று இருக்கிறது, அதற்கு ரிமூவ் பொத்தானே இல்லை. க்ரோம் மெனுவின் அடியில் "மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்" என்று வருகிறது. இது அலுவலகக் கம்ப்யூட்டர் அல்ல. திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று அறிவிப்புகள் வேறு.

க்ரோமை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டுப் பார்த்தாயிற்று, எல்லாம் பழையபடியே. விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் க்விக் ஸ்கேன் ஒன்றுமில்லை என்கிறது. பார்மட் போடாமல் வழி உண்டா? இதில் நெட் பேங்கிங் பார்க்கலாமா?

கணிமை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சுத்தமாகும் வரை நெட் பேங்கிங் வேண்டவே வேண்டாம். தேடலைத் திருப்பிவிடும் எக்ஸ்டென்ஷன்களில் பெரும்பாலானவை "எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்ற அனுமதியோடு வருகின்றன. அந்த அனுமதி இருந்தால் நீங்கள் திறக்கும் பக்கத்தில் இருப்பதையும் தட்டுவதையும் அதனால் பார்க்க முடியும். இன்று விளம்பரம் மட்டும் காட்டலாம், நாளை என்ன செய்யும் என்பது அதை வைத்திருப்பவர் கையில்.

பார்மட் அநேகமாகத் தேவைப்படாது. நீங்கள் சொல்வது மூன்று தனித்தனிக் கோளாறு. மூலையில் வரும் அறிவிப்பு ஒன்று. நீக்க முடியாத எக்ஸ்டென்ஷன் இன்னொன்று. அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது மூன்றாவது. கண்ணுக்குத் தெரிவதில் கை வைப்பதால்தான் திரும்ப வருகிறது. எக்ஸ்டென்ஷனைப் பிடித்து வைத்திருப்பது க்ரோம் பாலிசி (நிர்வாகி விதிக்கும் கட்டாய அமைப்பு), அந்தப் பாலிசியை எழுதுவது பெரும்பாலும் பின்னணியில் தானாக ஓடும்படி வைத்த ஒரு டாஸ்க். ஆகவே முதலில் டாஸ்க், பிறகு பாலிசி, கடைசியில் எக்ஸ்டென்ஷன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் (ஏதாவது தவறினால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். க்ரோமில் சிங்க்கை அணைத்துவிடுங்கள். நீங்கள் க்ரோமை அன்இன்ஸ்டால் செய்தும் பயனில்லாமல் போனதற்குச் சிங்க் ஒரு காரணமாக இருக்கலாம்: சைன் இன் செய்ததும் பழைய அமைப்புகள் இறங்கிவிடும். இன்னொன்று, அன்இன்ஸ்டால் செய்யும்போது "பிரௌசிங் தரவையும் நீக்கு" என்ற கட்டத்தில் டிக் போடாவிட்டால் ப்ரொஃபைல் ஃபோல்டர் அப்படியே டிஸ்க்கில் இருக்கும். பாலிசியோ விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருப்பது. க்ரோமை எத்தனை முறை நீக்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

இனி வேலைக்கு வருவோம். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் போய் தேதி வாரியாக அடுக்குங்கள். அந்தப் பிடிஎஃப் மென்பொருளையும், அதே தேதியில் நுழைந்த, உங்களுக்குத் தெரியாத மற்றவற்றையும் நீக்குங்கள். கூடவே ஒரு "சர்ச்", ஒரு "வெதர்", ஒரு "பிசி க்ளீனர்" வந்திருப்பது வழக்கம்.

அடுத்து டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தேடி, வலது க்ளிக் செய்து அட்மினாகத் திறக்கவும். இடப்பக்கம் "டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி"யைச் சொடுக்கினால் நடுவில் பட்டியல் வரும். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "அப்டேட்", "சர்வீஸ்" என்று அப்பாவிப் பெயர்தான் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் சொடுக்கி "ஆக்ஷன்ஸ்" தாவலைப் பாருங்கள். பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்ஹெச்டிஏ (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் நிரல்கள்) இவற்றில் ஒன்றை அழைத்து, பின்னால் பொருளற்ற எழுத்துகளை நீளமாகக் கொடுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆப்டேட்டாவின் ரோமிங், டெம்ப் அல்லது ப்ரோக்ராம்டேட்டாவுக்குள் விசித்திரப் பெயருள்ள ஃபோல்டரிலிருந்து ஏதாவது ஓடினாலும் அப்படியே. "ட்ரிகர்ஸ்" தாவலில் லாகின் ஆகும்போதெல்லாம், அல்லது சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்றிருந்தால் சந்தேகம் உறுதி. உடனே டெலீட் வேண்டாம். எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு டிசேபிள் செய்யுங்கள், அது எந்தக் கோப்பை இயக்குகிறது என்று குறித்துக்கொண்டு அந்தக் கோப்பையும் நீக்குங்கள். கூகுள், எட்ஜ், ஒன்டிரைவ் ஆகியவற்றின் அப்டேட் டாஸ்க்குகள் அங்கே இருப்பது இயல்பு. "மைக்ரோசாஃப்ட்" என்ற உள்ஃபோல்டர் பக்கம் போகவேண்டாம்.

இப்போது பாலிசி. முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் க்ரோம், கோலன், இரண்டு ஸ்லாஷ், பாலிசி என்று இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். "எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்" என்று ஒன்று இருந்தால் அதுதான் ரிமூவ் பொத்தானை மறைப்பது. அதன் மதிப்பில் 32 எழுத்துள்ள ஓர் அடையாளம் இருக்கும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் மோடைப் போட்டால் ஒவ்வொன்றின் அடியிலும் அதே 32 எழுத்து தெரியும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், க்ரோம் என்ற பாதையில் இறங்கி, அந்த க்ரோம் கீயை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு நீக்குங்கள். இதே பாதையை ஹெச்கீ கரன்ட் யூசரிலும் பாருங்கள். க்ரோமை முழுதாக மூடித் திறந்தால் ரிமூவ் பொத்தான் வந்திருக்கும்.

அதன்பின் ஆட்வ்க்ளீனர், ஆட்வேரை (விளம்பரம் திணிக்கும் மென்பொருளை) நீக்கும் கருவி. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, கோப்பை இறக்கி நேராக ஓட்டலாம். 2016 முதல் இது மால்வேர்பைட்ஸ் நிறுவனத்துடையது, அவர்கள் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இதே பெயரில் போலிகள் உண்டு. ஸ்கேன் முடிந்ததும் "ப்ரீஇன்ஸ்டால்ட்" என்று தனியாகச் சில வரும், அவை லேப்டாப் கம்பெனி போட்டுக் கொடுத்தவை. வேண்டுமானால் நீக்கலாம், இந்தப் பிரச்சினைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

மூலையில் வரும் அறிவிப்பு வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் "அலவ் அழுத்தினால்தான் வீடியோ ஓடும்", "ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்" என்று கேட்டு வாங்கிய அனுமதி. அதனால்தான் எந்த ஸ்கேனரும் அதைப் பிடிப்பதில்லை. க்ரோம் செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் "அலவ்" பட்டியலில் தெரியாத தளங்களையெல்லாம் நீக்குங்கள். அதே பக்கத்தில், தளங்கள் அறிவிப்புக்கு அனுமதி கேட்கவே கூடாது என்றும் வைத்துவிடலாம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதுதான் நல்லது.

பொறிவாசல்

கணிமை சொன்ன வரிசைதான் சரி. விடுபட்ட சிலதைச் சேர்க்கிறேன்.

டிஃபெண்டர் ஏன் ஒன்றுமில்லை என்றது? விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் "எக்ஸ்க்ளூஷன்ஸ்" பாருங்கள். அட்மின் அனுமதி கிடைத்த ஆட்வேர் தன் ஃபோல்டரை, சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே, அங்கே சேர்த்துவிடும். அப்புறம் எத்தனை ஸ்கேன் போட்டாலும் அந்த இடத்தை டிஃபெண்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. நீங்கள் சேர்க்காதது எது இருந்தாலும் எடுத்துவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறும் முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் போல ஆகும்.

"ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல்" உள்ளே ரெப்யுடேஷன் பேஸ்ட் ப்ரொடெக்ஷன் இருக்கிறது. அதில் "பொடென்ஷியலி அன்வான்டட் ஆப் ப்ளாக்கிங்" ஆன் ஆகியிருக்க வேண்டும். கீழே இரண்டு டிக் உண்டு. "ப்ளாக் டவுன்லோட்ஸ்" எட்ஜ் பிரௌசருக்கு மட்டும்தான் வேலை செய்யும். க்ரோம் பயன்படுத்துகிறவருக்குக் காவல் "ப்ளாக் ஆப்ஸ்" மட்டுமே, அதை அணைக்காதீர்கள்.

க்ரோம் ஷார்ட்கட்டையும் பாருங்கள். வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், "டார்கெட்" கட்டம். க்ரோம் இஎக்ஸ்இ என்பதோடு முடிய வேண்டும். பின்னால் ஒரு இணைய முகவரியோ, எக்ஸ்டென்ஷனை ஏற்றச் சொல்லும் கட்டளையோ ஒட்டியிருந்தால் அழித்துவிடுங்கள். ப்ரொஃபைல் டைரக்டரி என்று இருந்தால் பயப்பட வேண்டாம், க்ரோமில் ஒன்றுக்கு மேல் ப்ரொஃபைல் வைத்திருந்தால் அது வரும். டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு மூன்றிலும் உள்ளவை தனித்தனி ஷார்ட்கட் என்பதை மறக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: "மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்" வந்தாலே ஆட்வேர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில ஆன்டிவைரஸ்களும் பாலிசி எழுதும். நீக்கும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த லேப்டாப் என்றால் தொடவே கூடாது.

நெல்லைக்காற்று

இருவருக்கும் மிக்க நன்றி. டாஸ்க் ஷெட்யூலரில் லாகின் ஆகும்போதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் பவர்ஷெல்லை இயக்கும் ஒன்று இருந்தது. டிசேபிள் செய்தேன். எக்ஸ்க்ளூஷனில் ஆப்டேட்டா ஃபோல்டர் இருந்தது, எடுத்துவிட்டேன். அறிவிப்புகள் நின்றுவிட்டன. ரெஜிஸ்ட்ரி கீயை நீக்கியதும் எக்ஸ்டென்ஷனும் போனது. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் அதே கீ மறுபடி வந்து நிற்கிறது. டாஸ்க் இன்னும் டிசேபிளில்தான் இருக்கிறது.

பொறிவாசல்

அப்படியானால் குரூப் பாலிசி கோப்பு வழியாக வருகிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் "க்ரூப் பாலிசி" என்று மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் போட்டால் தெரியும். அதன் "மெஷின்", "யூசர்" உள்ஃபோல்டர்களில் ரெஜிஸ்ட்ரி டாட் பிஓஎல் என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். அதில் உள்ளதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் திரும்ப எழுதிவிடும், அதற்கு எந்த டாஸ்க்கும் தேவையில்லை. விண்டோஸ் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரே கிடையாது என்பதால், நீங்கள் வைக்காத ஒரு பிஓஎல் கோப்பு அங்கே இருந்தால் அது வெளியிலிருந்து வந்ததுதான். நகல் எடுத்துக்கொண்டு நீக்குங்கள், பிறகு ரெஜிஸ்ட்ரி கீயை மறுபடி நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எட்ஜையும் விட்டுவிடாதீர்கள். பாலிசீஸ் கீயில் மைக்ரோசாஃப்ட், எட்ஜ் என்ற பாதையிலும் இதே ஃபோர்ஸ்லிஸ்ட் எழுதப்பட்டிருக்கலாம்.

தாழ்வாரம்

இன்னும் இரண்டு இடங்கள். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி: "யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்", "யூஸ் அ ப்ராக்ஸி சர்வர்" இரண்டும் ஆஃப் ஆக இருக்க வேண்டும்.

மற்றது ரூட் சர்ட்டிஃபிகேட், அதாவது எந்தத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை நம்பலாம் என்று விண்டோஸ் முடிவு செய்ய அடிப்படையாக வைத்திருக்கும் மூலச் சான்றிதழ். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. 2015-இல் லெனோவோ லேப்டாப்கள் சிலவற்றில் ஃபேக்டரியிலிருந்தே சூப்பர்ஃபிஷ் என்ற ஆட்வேர் வந்தது தெரியவந்தது. ஹெச்டிடிபிஎஸ் பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் செருகுவதற்காக அது தன் சொந்த ரூட் சர்ட்டிஃபிகேட்டை விண்டோஸில் பதித்திருந்தது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே தனிச்சாவி (சான்றிதழில் கையெழுத்திடும் ரகசியச் சாவி), அதுவும் வெளியே தெரிந்துவிட்டது. மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் சர்ட்டிஃபிகேட் அங்கேயே இருந்ததுதான் பெரிய ஆபத்து. சோதிப்பது எளிது. வங்கித் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள ஐகானைச் சொடுக்கி, "கனெக்ஷன் இஸ் செக்யூர்", அடுத்து சர்ட்டிஃபிகேட். "இஷ்யூட் பை" என்ற இடத்தில் யார் பெயர் என்று பாருங்கள். சம்பந்தமில்லாத நாலைந்து தளங்களிலும் அதே முன்பின் தெரியாத பெயர் வந்தால், நடுவில் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் வந்தால் அது அந்த ஆன்டிவைரஸின் வெப் ஸ்கேன், ஆட்வேர் அல்ல.

வீட்டு வைஃபையில் உள்ள போன்களிலும் இதே விளம்பரம் வந்தால் கம்ப்யூட்டரை நோண்டிப் பயனில்லை. ரவுட்டரின் டிஎன்எஸ்-ஐ (தளத்தின் பெயரை இணைய முகவரி எண்ணாக மாற்றும் அமைப்பை) பாருங்கள், அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

வெள்ளாற்றங்கரை

இவ்வளவு இடத்தில் தேடுவதைவிட கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது நல்லது என்பது என் கருத்து. காரணம் இருக்கிறது. 2025-இல் ஆப்சூட் பிடிஎஃப் எடிட்டர் என்று ஒன்று கூகுள் விளம்பரங்கள் வழியாகப் பரவியது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை சாதாரண மென்பொருள் போலவே இருந்தது. ஆகஸ்ட் 21 வாக்கில் ஒரு அப்டேட் வந்து, பிரௌசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களையும் குக்கீகளையும் (லாகின் ஆன நிலையை நினைவில் வைக்கும் சிறு பதிவுகள்) திருடத் தொடங்கியது. பவர்ஷெல் டாஸ்க் ஒன்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடியிருக்கிறது என்றால், அது எக்ஸ்டென்ஷனை மட்டும்தான் வைத்தது என்று யார் உறுதி சொல்வது?

கணிமை

வெள்ளாற்றங்கரை சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் அளவுகோல் இது: டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனிலோ மால்வேர்பைட்ஸ் ஸ்கேனிலோ "ட்ரோஜன்", "ஸ்டீலர்", "பேக்டோர்" என்று (மாறுவேடத்தில் நுழைவது, திருடுவது, பின்வாசல் திறப்பது) எது வந்தாலும் வாதமே இல்லை, புதிதாகப் போட்டுவிடுங்கள். "பியூபி" (வேண்டாத மென்பொருள்), "ஆட்வேர்", "பிரௌசர் ஹைஜாக்கர்" மட்டும் வந்து, சுத்தம் செய்தபின் இரண்டு ரீஸ்டார்ட் தாண்டியும் பாலிசி பக்கம் காலியாகவே இருந்தால் தொடரலாம்.

ஆனால் எந்த வழியில் போனாலும் கடவுச்சொற்களை மாற்றியே ஆக வேண்டும். முதலில் மெயில், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. சுத்தமாகாத கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினால் புதியதும் அவர்களிடம் போய்விடும், ஆகவே போனிலிருந்து செய்யுங்கள். கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. குக்கீ திருடப்பட்டிருந்தால் கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலே உள்ளே நுழையலாம். கூகுள் அக்கவுன்ட்டில் செக்யூரிட்டி, "யுவர் டிவைசஸ்" போய் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள்.

சிங்க்கை மறுபடி போடும்போது எதை சிங்க் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் "எக்ஸ்டென்ஷன்ஸ்", "செட்டிங்ஸ்" இரண்டையும் எடுத்துவிட்டு மற்றதைப் போடுங்கள். தேவையான எக்ஸ்டென்ஷனைக் கையால் புதிதாகச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. க்ரோம் செட்டிங்ஸில் "ரீசெட் செட்டிங்ஸ்" போடுவதும் நல்லது. புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த கடவுச்சொல் போகாது.

நெல்லைக்காற்று

பிஓஎல் கோப்பு இருந்தது. நீக்கிவிட்டு இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தாயிற்று, பாலிசி பக்கம் காலி. தேடல் கூகுளுக்கே போகிறது. ஆஃப்லைன் ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆட்வ்க்ளீனர் பியூபி என்று சிலவற்றை எடுத்தது. கடவுச்சொற்களைப் போனிலிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். இனி பிடிஎஃப் வேலைக்கு எதைப் போடுவது? வீட்டில் பிள்ளைகளும் இதே கம்ப்யூட்டரைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

தாழ்வாரம்

பிடிஎஃப்-க்கு எதையும் போட வேண்டாம். வேர்டு 2013 முதல் பிடிஎஃப்-ஐ நேராகவே திறந்து வேர்டு கோப்பாக மாற்றித் தரும். ஆனால் ஸ்கேன் செய்த பக்கம் என்றால் படமாகத்தான் வரும். வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆக்க "சேவ் ஆஸ்" போதும். இணையப் பக்கத்தை பிடிஎஃப் ஆக்க பிரிண்ட் கொடுத்து ப்ரின்டர் இடத்தில் "சேவ் ஆஸ் பிடிஎஃப்". வேர்டு இல்லையென்றால் லிப்ரேஆபிஸ், அதுவும் அவர்கள் சொந்தத் தளத்திலிருந்து. தமிழ் தட்டச்சுக்கும் இதே கதைதான். எங்கிருந்தோ ஒரு கீபோர்டு மென்பொருளை இறக்கிப் போடுகிறார்கள், தமிழ் கீபோர்டு விண்டோஸிலேயே இருக்கிறது. லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும்.

ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் தேடல் முடிவில் முதலில் வரும் "ஸ்பான்சர்ட்" இணைப்பைச் சொடுக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ எடுங்கள். இறங்கிய கோப்பின் அளவைக் கவனியுங்கள். விஎல்சி வீடியோ ப்ளேயர் 40 எம்பிக்குக் குறையாது. விஎல்சி என்று சொல்லி 2 எம்பி கோப்பு இறங்கினால், அது வேறு எதையெதையோ கூட்டிவரும் டவுன்லோடர். வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், "டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்" தாவலில் அதைத் தயாரிக்கும் வீடியோலான் பெயர் இருக்க வேண்டும். ஆனால் கையெழுத்து இல்லாததெல்லாம் கெட்டது என்றில்லை, செவன்-ஜிப் இன்ஸ்டாலரில் கையெழுத்து இருக்காது. இன்ஸ்டால் செய்யும்போது "ரெகமண்டட்", "எக்ஸ்பிரஸ்" இரண்டையும் விட்டு "கஸ்டம்" எடுங்கள். கூட வருகிறவர்கள் அதற்குள்தான் ஒளிந்திருப்பார்கள். "டிக்ளைன்" பொத்தானைச் சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாதது போல வரைந்திருப்பார்கள், அழுத்தினால் அழுந்தும்.

பொறிவாசல்

பிள்ளைகளுக்குத் தனி அக்கவுன்ட் போடுங்கள், அட்மின் அல்ல, ஸ்டாண்டர்ட் யூசர். சிஸ்டம்32-இல் பிஓஎல் கோப்பு எழுதுவது, டிஃபெண்டரில் எக்ஸ்க்ளூஷன் சேர்ப்பது, லோக்கல் மெஷின் கீயில் கை வைப்பது எல்லாம் அட்மின் கடவுச்சொல் இல்லாமல் நடக்காது. ஆனால் ஆப்டேட்டாவுக்குள் அந்தப் பயனருக்கு மட்டும் இன்ஸ்டால் ஆவதை இது தடுக்காது. அப்படி வந்தால் சேதம் அந்த அக்கவுன்ட்டோடு நிற்கும். கோப்புகளைக் காப்பி எடுத்துவிட்டு அந்த அக்கவுன்ட்டை மட்டும் நீக்கிப் புதிதாக உருவாக்கலாம்.

விளம்பரத் தடுப்பான் போட்டுவிடுங்கள், போலி "டவுன்லோட்" பொத்தான்களில் பெரும்பாலானவை கண்ணிலேயே படாது. யுபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானின் முழு வடிவத்தை க்ரோம் 2025-இல் நிறுத்திவிட்டது. க்ரோமில் யுபிளாக் ஆரிஜின் லைட் போடலாம், முழுதாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ். பெயரில் "ஆரிஜின்" இல்லாத யுபிளாக் வேறு ஆட்களுடையது.

பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் காட்டிக் கொடுங்கள். திரை முழுக்கச் சிவப்பாகி, சத்தம் போட்டு, "மைக்ரோசாஃப்ட் உதவி எண்ணை அழையுங்கள்" என்று வந்தால் எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். விடவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் க்ரோமை "எண்ட் டாஸ்க்". மறுபடி திறக்கும்போது "ரெஸ்டோர்" கேட்டால் கொடுக்கக் கூடாது, அதே பக்கம் திரும்ப வரும். அந்த எண்ணை யாராவது அழைத்துப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு (சைபர் குற்ற உதவி எண்) அழையுங்கள், வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள். எனிடெஸ்க் போல, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க விடும் எதையாவது போடச் சொல்லியிருந்தால் முதலில் நெட்டைத் துண்டித்துவிட்டு அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.